சோளகத்துப் பிள்ளை

கர்ப்பமாயிருந்த அண்ணியின் உடல் நிறை மாதாமாதம் தவறாமல் ஒன்றரைக் கிலோ ஏறிக்கொண்டிருந்தது. தை மாதம் ஒன்றரை. மாசி மாதம் ஒன்றரை. கிளினிக் அட்டையில் புள்ளி வைத்து அடிமட்டத்தால் இணைத்தபோது, பயிற்சிக் காலத்தில் கரும்பலகையில் எங்களுக்கு வரைந்து காட்டிய கோடு அப்படியே வந்தது. நெடுந்தீவில் நான் வேலை பார்த்த மூன்று வருடத்தில் அப்படியொரு கோட்டை வேறெந்த அட்டையிலும் கண்டதில்லை. கர்ப்பிணிகளின் கோடு உண்மையில் அப்படி வராது. ஒரு மாதம் வாந்தி, ஒரு மாதம் காய்ச்சல், ஒரு மாதம் கடல் கொந்தளிப்பில் வீட்டில் கறி இல்லை. கோடு ஏறும், படுக்கும், மறுபடி ஏறும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், சொந்த அண்ணி என்பதால் பெருமைப்பட்டேன்.

என் உத்தியோகப் பெயர் குடும்பநல உத்தியோகத்தர். ஊருக்கு நான் மிட்வைவ் பிள்ளை. சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்த இரண்டு மூன்று வருடங்களில் கடற்பயணம் சற்று இலகுவாகியிருந்தது. வெளியில் படித்துவிட்டுச் சொந்தத் தீவுக்கே வேலைக்கு வந்தேன். வீட்டில் நாங்கள் நான்கு பேர்: அம்மா, அண்ணை, அண்ணி, நான். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அவருக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு. காலில் வந்த புண் கடைசிவரை ஆறவில்லை.

அண்ணை கடற்றொழில் செய்பவர். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. அதற்கு முந்தின வருடம்தான் அவருக்கும் சலரோகம் என்று கண்டுபிடித்திருந்தோம். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார், இருந்த கொஞ்சச் சதையும் வற்றுகிறது என்று கண்டு, நான்தான் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய் இரத்தம் சோதிப்பித்தேன். ஊரில் யாரும் நம்பவில்லை. சலரோகம் என்பது தொந்தி வைத்த கடைக்காரருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் வருவது. படகோட்டி ஒருவர் அண்ணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உவனுக்கோ? சீனி போய்க் குந்தியிருக்க உவன்ர உடம்பிலை இடமெங்கை கிடக்கு?" என்றார்.

நான் ஒரு கொப்பியில் அண்ணைக்கென்று பக்கம் ஒதுக்கி எழுதத் தொடங்கினேன். குளிசை எத்தனை மணிக்கு, சோறு எத்தனை கரண்டி, காலைத் தினமும் யார் பார்ப்பது, பால் விடாத பிளேன்ரீயில் எத்தனை கரண்டி சீனி. கடைசியாகச் சொன்னதற்கு விடை "மூன்று" என்றிருந்தது, பிறகு "இரண்டு", பிறகு "ஒன்று என்று சொல்கிறார்". அண்ணை அந்தக் கொப்பியைத் தூக்கிக் காட்டி அண்ணியிடம் சொல்வார்: "நான் செத்தாலும் என்ர தங்கச்சி ஒரு லிஸ்ற் போட்டுத்தான் அழுவாள். ஒண்டு, பெட்டி. ரெண்டு, மெழுகுதிரி."

தை மாதம் ஒருநாள் அம்மா, முருங்கையிலை உருவிக்கொண்டே, சும்மா கேட்பதுபோல் என்னிடம் கேட்டார்: "பிள்ளை, ஒரு பிள்ளைத்தாச்சி மாசத்துக்கு எவ்வளவு நிறை ஏறவேணும்?" அம்மா என் வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மகிழ்ந்துபோய் விரிவாகச் சொன்னேன். முதல் மூன்று மாதம் இவ்வளவு, அதற்குப் பிறகு மாதம் சுமார் ஒன்றரை, தாய் மெலிந்தவர் என்றால் இன்னும் கொஞ்சம். அட்டையைக்கூட எடுத்துக் காட்டினேன். அம்மா கவனமாகப் பார்த்துவிட்டு, "ஒண்டரை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த நாட்களில் இன்னொன்றும் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. வலையின் அடிக்கயிற்றில் கட்டும் பெரிய ஈயக்குண்டுகள் அண்ணைக்குக் குறைந்துகொண்டே வந்தன. கால் கிலோக் குண்டுகள். கொட்டிலில் ஒரு தகரப் பேணியில் கிடப்பவை. தை மாதம் நாலைக் காணவில்லை என்றார். கடைக்காரன் குறைத்துத் தந்துவிட்டான் என்று திட்டினார். மாசியில் மொத்தம் எட்டைக் காணவில்லை. "ஈயத்தை ஆர் திண்ணுறது? எலியும் திண்ணாது" என்று பேணியைக் கவிழ்த்துத் தட்டினார். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் ஒருசந்தி பிடிப்பது வழக்கம். ஒரு நேரம்தான் முழுச்சாப்பாடு. கர்ப்பிணிகளுக்கு அந்தக் கடமை இல்லை என்று சுவாமியார் கோயிலில் சொல்லியும் அண்ணி காலையில் வெறும் தேத்தண்ணி குடித்தார். கேட்டால், "பழகிப்போச்சு மச்சாள், பசிக்கேல்லை" என்பார். மத்தியானம் பாதிச் சோற்றை நாய்க்கு வைப்பதை ஒருநாள் கண்டேன். ஆனால் அட்டையில் கோடு ஏறிக்கொண்டிருந்ததால் நான் அட்டையை நம்பினேன். ஒரு தொழில் படித்தவர்கள் செய்யும் பிழை இது. கண் ஒன்றைச் சொல்லும், தாள் ஒன்றைச் சொல்லும்; தாளில் எங்கள் கையெழுத்து இருப்பதால் தாளின் பக்கம் நின்றுவிடுவோம்.

பங்குனி மாதக் கிளினிக்கில் அண்ணி தராசில் ஏறினார். ஒன்றரைக் கிலோ கூட. அடுத்ததாக, மறைப்புத் துணிக்குப் பின்னால் கட்டிலில் படுக்கச் சொல்லி வயிற்றை நாடாவால் அளந்தேன். ஆறு மாதத்துக்கு உரிய அளவு வரவில்லை. மறுபடி அளந்தேன். அதே அளவு. வயிற்றில் கை வைத்துப் பார்க்கும்போது, இடுப்புப் பக்கம், சீலை மடிக்குள் ஏதோ தட்டுப்பட்டது.

"அண்ணி, இதென்ன?"

"பிள்ளையின்ர கால் போலை, மச்சாள்."

"கால் எண்டால் அசையும். இது கிலுங்குது."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். மடியை அவிழ்த்தேன். பழைய தலையணை உறைத் துணியில் தைத்த நீண்ட பை, இடுப்பைச் சுற்றி நாடாவால் கட்டியிருந்தது. அதற்குள் ஈயக்குண்டுகள். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் இருந்த தகரத் தட்டில் வைத்தேன். சத்தம் கேட்டிருக்க வேண்டும், வெளியே வாங்குப் பலகையில் இருந்த பெண்களில் ஒருத்தி, "என்ன பிள்ளை, இரட்டையோ?" என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, "பன்னிரண்டு எண்டு சொல்லுங்கோ" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். சிரித்தபடியே அழவும் தொடங்கினார்.

"மாமிதான் எடுத்துத் தந்தவ. மாசத்துக்கு நாலு நாலாய்க் கூட்டச் சொன்னவ. ஒரேயடியாய்க் கூட்டினால் நீங்கள் பிடிச்சுப்போடுவியளாம்."

ஈயம் இல்லாமல் மறுபடி நிறுத்தேன். மூன்று மாதத்தில் நாலரைக் கிலோ ஏறியிருக்க வேண்டியவர் ஒன்றரைதான் ஏறியிருந்தார். சிறுநீரைச் சோதித்தேன், இரத்த அழுத்தம் பார்த்தேன். இரண்டிலும் குறை இல்லை. நோய் வருத்தம் எதுவும் இல்லை; சோறு மட்டும்தான் இல்லை.

சின்னப் பிள்ளை வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைப்பது எங்கள் தீவில் புதிதல்ல. மூத்த பெண்கள் சொல்லிக்கொடுப்பார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டால் பிள்ளைக்கு இடம் காணாது, இரும்புச் சத்துக் குளிசை விழுங்கினால் பிள்ளை பெருக்கும், பெருத்த பிள்ளை இறங்காது. எனக்கு இவையெல்லாம் பட்டியலாகத் தெரியும். வீடு வீடாகப் போய் ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் மட்டும் சொல்லவில்லை. அங்கே தேவை இல்லை என்று நினைத்திருந்தேன்.

பயிற்சி வகுப்பொன்றில் ஒரு டொக்டர் விளக்கியது என் கொப்பியில் இருந்தது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு உணவு குறைந்தால் அதன் உடல் சிக்கனமாகக் கட்டப்படும். கிடைப்பதை முதலில் மூளைக்குக் கொடுக்கும். தசைக்கும், சீனியை ஆளும் கணையத்துக்கும் மிச்சம்தான். பிள்ளை சின்னதாகப் பிறக்கும். நன்றாகவும் வளரலாம். ஆனால் சோறும் மாவும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும் வயதில் அந்தக் கணையத்தால் சமாளிக்க முடியாமற் போகலாம். ஆள் மெலிந்தவராக இருந்தாலும் சலரோகம் வரலாம். எல்லோருக்கும் வருவதில்லை. வரும் சாத்தியம் கூடுகிறது. தாய்க்கே சீனி கூடியிருந்தாலும் பிள்ளைக்கு அப்படியொரு ஆபத்து உண்டு. ஆகவே தாய் குறையவும் கூடாது, கண்டபடி கூடவும் கூடாது.

அதை எழுதிக்கொண்டிருந்தபோதே அண்ணையின் முகம் நினைவுக்கு வந்தது. அண்ணை கையளவு பிள்ளையாகப் பிறந்தவர் என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அந்த நினைப்பை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டு குண்டுகளையும் கிளினிக் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். அம்மா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த கல்லில் குண்டுகளை வரிசையாக அடுக்கினேன்.

"இதென்னணை?" என்று கேட்டேன்.

"ஈயம்."

"ஆரின்ர?"

"உன்ர கொண்ணையின்ர." அம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ஒண்டும் துலைஞ்சுபோகேல்லையே? எண்ணினனியோ?"

"ஏனணை அண்ணிக்குக் குடுத்தனீங்கள்?"

"உனக்கு நிறை வேணும். அவளுக்குச் சின்னப் பிள்ளை வேணும். ரெண்டு பேருக்கும் கிடைக்கட்டும் எண்டுதான்."

நான் குரலை உயர்த்திப் பேசுகிறவள் அல்ல. அன்றைக்கும் உயர்த்தவில்லை. ஒன்று, இரண்டு என்று காரணங்களை அடுக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டே செதில் சுரண்டினார்.

"உனக்கு எல்லாம் கொப்பியிலை கிடக்கு. உன்ர கொண்ணை ஒரு திரளி மீன் அளவிலை பிறந்தவன். நோவும் பெரிசாய்த் தெரியேல்லை. இண்டைக்குக் கடலிலை ராசா மாதிரி நிக்கிறான்."

"ராசாவுக்கு முப்பது வயதிலை சலரோகம்" என்றேன். "வயித்துக்குள்ளை இருக்கேக்கை அவருக்குச் சாப்பாடு காணாது. அதாலைதான் வந்தது."

"வந்திருக்கலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். வகுப்பில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள், என் கொப்பியிலும் அப்படித்தான் இருந்தது. கோபத்தில் உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

அம்மாவின் கத்தி நின்றது. கையைக் கழுவினார். பாதி வெட்டிய மீனை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். அம்மா மீனைப் பூனைக்கு விட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இரண்டு நாள் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு இருந்தது. அம்மா ஒருசந்தி என்று சொல்லிக்கொண்டு அந்த ஒரு நேரச் சாப்பாட்டையும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணி குற்றவாளிபோல் கோப்பையைக் கழுவிக் கழுவி வைத்தார். அண்ணைக்கு விஷயம் எதுவும் தெரியாது. குண்டுகள் பேணிக்குத் திரும்பி வந்துவிட்டதைப் பார்த்து, "அந்தோனியாருக்கு நேர்ந்தனான், குடுத்திட்டார்" என்று சந்தோஷப்பட்டார்.

மூன்றாம் நாள் காலை குசினியில் நான் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்:

"உன்ர அக்கா காய்ச்சலிலை சாகேல்லை."

சவக்காலையில் எங்களுக்கென்று ஒரு சின்னச் சிலுவை உண்டு. கார்த்திகையில் மரித்தவர்களின் நாளில் அதற்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவோம். அண்ணைக்கு முன்பு பிறந்த அக்கா, காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்றுதான் எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார்கள்.

"ஆனி மாசம். சோளகம் எழும்பி அடிச்சுக்கொண்டு நிண்டது" என்றார் அம்மா. "எனக்கு நோ துடங்கி ஒரு நாள் முழுக்கப் போட்டுது. பிள்ளை பெரிசு, அங்காலை கொண்டுபோனால்தான் உண்டு எண்டு மருத்துவிச்சி சொல்லிப்போட்டா. உங்கட அப்பர் துறையடிக்கு ஓடினவர். ரெண்டு வள்ளக்காரர் வந்து கடலைப் பாத்துப்போட்டுத் திரும்பிப் போட்டினம். அவையைக் குறை சொல்லேலாது. அவையளுக்கும் பிள்ளை குட்டி இருக்கு. மூண்டாமாள் ஏத்தினவர். அங்காலைக் குறிகட்டுவான் துறை கண்ணிலை தெரியேக்கை பிள்ளை அசையிறது நிண்டுபோச்சு."

சோளகம் என்பது வைகாசி தொடங்கி ஆவணிவரை எங்கள் கடலில் அடிக்கும் தென்மேற்குக் காற்று. சில நாட்களில் படகே ஓடாது. அந்தக் காலத்திலும் சரி, நான் வேலை பார்த்த காலத்திலும் சரி, வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்க வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் போக வேண்டும்.

"தூக்கிப் பாத்த சனமெல்லாம் சொல்லிச்சினம், நல்ல பெரிய பிள்ளை, நல்ல வடிவு எண்டு. நான் பாக்கேல்லை." அம்மா அடுப்பில் விறகைத் தள்ளி வைத்தார். "கொண்ணை வயித்திலை வந்தோடனை நாள் எண்ணிப் பாத்தனான். அதுவும் ஆனிதான். அண்டைக்கே ஒரு நேரச் சோறை விட்டனான். பிறகு ரெண்டு நேரம்."

"பசிச்சால் என்ன செய்வியள்?"

"கல்வேலியிலை கல்லு எண்ணுவன். எங்கட வேலியிலை, தெருப் பக்கம் மட்டும், அடி வரியிலை எத்தினை கல்லுக் கிடக்கெண்டு இப்பவும் சொல்லுவன்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ மாசியிலை பிறந்தனி. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. உனக்கு நான் ஒரு வஞ்சகமும் செய்யேல்லை, மோனை."

அவருடைய வாழ்க்கையில் எது அவரை அஞ்சவைத்தது என்று அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று. ஒரே தாய், ஒரே குசினி, ஒரே பானை. ஒரு பிள்ளைக்குப் பசி, ஒரு பிள்ளைக்கு வயிறு நிறையச் சோறு. இரண்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் காற்று மட்டும்தான்.

"உள்ளதைச் சொல்லு. அவன்ர வருத்தம் என்னாலையோ?"

பேச வராதபோது நான் எழுதுவேன். கொப்பியை எடுத்து, அண்ணையின் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், காரணங்கள் என்று தலைப்புப் போட்டேன்.

1. அப்பாவுக்கும் இருந்தது.
2. பிளேன்ரீ, நாளுக்கு ஆறு தரம், மூன்று கரண்டி.
3. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் நிவாரண மாவும் சீனியும்தான் சாப்பாடு.
4. சுருட்டு.
5. தெரியாது.

அம்மா கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"இதிலை நான் எத்தினையாம் இலக்கம்?"

"நீங்கள் இதிலை இல்லையணை."

"பொய் எழுதாதை. உனக்கு அது வராது. பார், அஞ்சிலை வந்து முட்டுப்பட்டு நிக்கிறாய்."

நான் ஐந்தாவது வரியை வெட்டினேன். வெட்டிய வரிக்குக் கீழே எழுதினேன்: "கருவில் இருக்கும்போது உணவு குறைவு. ஒரு காரணமாக இருந்திருக்கலாம்." பேனையைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. அதே வரியில் தொடர்ந்து, "அதற்குக் காரணம்: சோளகத்தில் படகு இல்லை" என்றும் எழுதினேன்.

அம்மா அதை இரண்டு முறை வாசித்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. உள்ளே அண்ணி எழும்பி நடமாடும் சத்தம் கேட்டது.

"இவளுக்கும் ஆனிதானே?"

"ஓம்."

"அப்ப நீ படகைப் பார். சோறை நான் பாக்கிறன்."

எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குச் சொல்லித்தராத ஒன்றை அம்மா அந்த வார்த்தைகளில் சொல்லிவிட்டார். மூன்று வருடமாக நான் வீடு வீடாகப் போய்ச் சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளை பெரிதாக வந்தால், காற்றும் அடித்தால், எப்படி அங்காலை போவது என்று ஒரு பெண்ணிடமும் நான் முதலில் கேட்டதில்லை. அவர்கள் தங்கள் பயத்துக்குத் தாங்களே ஒரு மருந்து கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நான் மருந்தை மட்டும் பறிக்கப் பார்த்தேன்.

படகைப் பார்ப்பது கடினமாக இருக்கவில்லை. காற்று எழும்ப முன்பே, சித்திரைக் கடைசியில், அண்ணி கடல் தாண்டி ஊர்காவற்றுறைக்குப் போய்விடுவது. அங்கே ஆஸ்பத்திரிக்குக் கிட்ட அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மாவின் வீடு இருந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழிப் பாதை. எந்தக் காற்றிலும் வாகனம் ஓடும். பிள்ளை பிறந்து, காற்று அடங்கிய பிறகு திரும்பலாம். யார் கூடப் போவது என்ற கேள்விக்கு அம்மா, "நான்தான்" என்றார். அண்ணை நிமிர்ந்து பார்த்தார். அம்மா அந்தக் கடலை வருடத்தில் ஒரு தடவை கடந்தாலே அதிகம். அதுவும் கண்ணை இறுக்கி மூடி, செபமாலையைக் கையில் பிடித்தபடி.

சோற்றை அம்மா பார்த்த விதம் அண்ணிக்குப் புதிய துன்பமாகப் போயிற்று. காலையில் குரக்கன் பிட்டும் முட்டையும். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, மீன், முருங்கையிலை. பின்னேரம் கிளினிக்கில் கொடுக்கும் சத்துமா உருண்டை. அதை அண்ணை திருடித் தின்னாமல் அம்மா அலுமாரியில் பூட்டி வைத்தார். இரும்புக் குளிசையை விழுங்கும்வரை முன்னால் நின்றார்.

"முந்தி மாமி ஒரு கரண்டி குறைப்பா. இப்ப ரெண்டு கரண்டி கூட்டுறா" என்றார் அண்ணி என்னிடம். "என்ர வயிறென்ன, இவவின்ர அரிசிப் பானையோ?"

"வாயைக் காட்டாமல் தின், பிள்ளை" என்றார் அம்மா குசினியிலிருந்து.

ஆனால் பனங்கட்டியும் சீனியும் கூட்டவேண்டாம் என்று நான் எழுதி ஒட்டியிருந்தேன். அதில் மட்டும் அம்மா என்னோடு சண்டை பிடித்தார்.

சித்திரை மாதம் அண்ணி தராசில் ஏறுமுன், "குதிச்சுக் காட்டட்டோ, மச்சாள்? கிலுங்குதோ எண்டு பாருங்கோ" என்று கேட்டார். ஒரு கிலோ அறுநூறு ஏறியிருந்தது. அட்டையில் பழைய கோட்டைச் சிவப்பு மையால் வெட்டி, உண்மைப் புள்ளிகளை வைத்தேன். தாழ்ந்து கிடந்து, கடைசியில் நிமிரும் ஒரு கோடு. விட்டுப்போன மூன்று மாதத்தை முழுதாக மீட்க முடியாது என்று எனக்குத் தெரியும். மிச்சம் இரண்டு மாதம் இருந்தது.

பயணத்துக்கு முந்தின நாள் அண்ணை என் கொப்பியைப் பார்த்துவிட்டார். அக்காவின் உண்மைக் கதையை அம்மா அதற்குள் அவருக்கும் சொல்லியிருந்தார். பிளேன்ரீக் கணக்கில் நான் பொய் எழுதியிருக்கிறேனா என்று பார்க்கத் திறந்தவர், அடுத்த பக்கத்தையும் வாசித்திருக்கிறார். அம்மா முற்றத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். அண்ணை கொப்பியோடு வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினார்.

"அம்மா, உவள் எழுதியிருக்கிறாள், எனக்குச் சலரோகம் தந்தது சோளகமாம். இனிக் காத்தைப் பிடிச்சுக் குளிசை குடுக்கச் சொல்லுங்கோ."

அம்மா மடிப்பை நிறுத்தவில்லை. "எனக்கும் அதிலை ஒரு பங்கு கிடக்கு, தம்பி" என்றார். அம்மா அண்ணையைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"இருந்திட்டுப் போகட்டும். நான் சின்னனாய் வந்தபடியாத்தான் வந்து சேந்தனான் எண்டு வையுங்கோவன்." அவர் அம்மாவின் மடியில் இருந்த சட்டையைப் பறித்துத் தானே மடித்தார், கோணலாக. "உவள் மாசிப் பிள்ளை, திண்டு கொழுத்துப் பிறந்தவள். என்ன பிரயோசனம்? வலையும் இழுக்கமாட்டாள், சிரிக்கவும் மாட்டாள்."

சின்னதாய் இருந்ததால்தான் அவர் பிழைத்தார் என்று மருத்துவப்படி யாரும் உறுதி சொல்ல முடியாது. எல்லாவற்றையும் திருத்துகிற நான் அதைத் திருத்தவில்லை. அம்மா கோணல் மடிப்பை அவிழ்த்து மறுபடி மடித்தார். அவருடைய முகம் ஒரு மாதத்துக்குப் பிறகு பழைய முகமாயிருந்தது.

துறையடியில் நேவிக்காரர் பைகளைத் திறந்து பார்த்துவிட்டு விட்டார்கள். படகு விலகும்வரை நின்று பார்த்தேன். அம்மா உள்ளே பலகையில் இருந்தார். ஒரு கை செபமாலையில், ஒரு கை அண்ணியின் வயிற்றில். கண் திறந்திருந்தது.

வைகாசியில் காற்று எழும்பியது. ஆனியில் ஒரு கிழமை அது கல்வேலிக்கு மேலால் ஊளையிட்டது. இரண்டு நாள் படகு வரவில்லை. அண்ணை முதலே அங்காலை போயிருந்தார். வீட்டில் நான் தனியே. செய்ய வேண்டியவை என்று கொப்பியில் பத்து வரி எழுதி, பத்தையும் செய்துவிட்டு, மறுபடி துறையடிக்குப் போய் நின்றேன். மூன்றாம் நாள் பின்னேரம் ஒரு படகு தலையை உயர்த்தி உயர்த்தி வந்தது. அதைத் துறையில் கட்டுமுன்பே, அண்ணையின் உடம்பில் சீனிக்கு இடமில்லை என்று சொன்ன அதே படகோட்டி முன்பக்க அணியத்தில் நின்று கத்தினார்:

"மிட்வைவ் பிள்ளை! பொம்பிளைப் பிள்ளை! ரெண்டு கிலோ எண்ணூற்றி அம்பது! கொம்மா சொல்லச் சொன்னவ, கிராமையும் மறந்துபோடாதை எண்டு!"

வலி நீண்டதால் நடுப்பகலில் அம்புலன்ஸில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே போய் ஒரு மணித்தியாலத்தில், வெட்டாமலே பிறந்ததாம். வாகனம் வெளிக்கிட்டபோது அம்மா சாரதியிடம் கேட்டாராம்: "தம்பி, காத்துக்கு உது நிக்காதுதானே?"

புரட்டாதியில் கடல் படுத்த பிறகு வந்தார்கள். அண்ணி கன்னம் வைத்திருந்தார். நான் பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். அம்மா தரவில்லை. வீட்டுப் பக்கமும் திரும்பவில்லை. துவாயில் சுற்றிய பிள்ளையோடு நேரே கிளினிக் கட்டடத்துக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

"எடி, இவளுக்குச் சலரோகம் வராதுதானே?" என்று வழியில் அண்ணை மெல்லக் கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை.

"வராதெண்டு எழுதித் தரேலாது. தகப்பன் நீங்கள். ஆனால் பட்டியலிலை ஒரு வரி குறைச்சிருக்கிறம்."

"அந்த அஞ்சாவதோ?"

"பாதியாவது."

உள்ளே அம்மா பிள்ளையைத் துவாயிலிருந்து எடுத்தார். தொப்பியைக் கழற்றினார். சட்டையைக் கழற்றினார். அரைத் துணியையும் அவிழ்த்தார். கறுப்பு வளையல் இரண்டையும் உருவி மேசையில் வைத்தார். பிள்ளை கையையும் காலையும் விசுக்கிக் கத்தியது. அம்மா அதைத் தராசில் கிடத்தி, துவாயை இரண்டு கையாலும் என் முன்னால் உதறிக் காட்டினார்.

"வடிவாப் பார்" என்றார். "ஈயம் ஒண்டும் இல்லை."